பிறை தேடும் கண்

ஷஅபான் 29ஆம் நாள் மாலை. மஃரிபு பாங்குக்குச் சற்று முன்பாக லால்பேட்டை அரபுக் கல்லூரி மாணவர்கள் நாங்கள் வீராணம் ஏரிக்கரைமீது ஏறி நிற்போம். கடலூர் மாவட்டத்துக் கரையோர ஊர்களுக்கு இல்லாத வசதி அந்தக் கரைக்கு உண்டு. கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் கடல் கிழக்கே கிடக்கிறது. பிறையோ மேற்கே தோன்றுவது. ஆகவே அவ்வூர் மக்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்று, வீடுகளுக்கும் தோப்புகளுக்கும் இடையே துண்டு துண்டாகத் தெரியும் வானத்தில்தான் பிறையைத் தேட வேண்டும். வீராணத்தின் நெடுங்கரையோ ஏரிக்குக் கிழக்கே, தெற்கு வடக்காக ஓடுகிறது. அதன்மேல் நின்றால் எதிரே நீர்ப்பரப்பு, அதற்கப்பால் பனைகள், அவற்றுக்கு மேல் தடையில்லாத மேல்வானம்.

1980களின் நடுவில், நான் அங்கு ஓத வந்த முதலாண்டில் நடந்தது இது. கதிரவன் மறைந்து கால்மணி நேரம் ஆகியிருக்கும். மூத்த மாணவர் ஒருவர் தக்பீர் முழங்கினார். அடுத்து நான்கு பேர், பிறகு பத்துப் பேர், "அதோ, அதோ" என்றனர். என் கண்ணுக்கு ஒன்றும் தென்படவில்லை. வானம் முழுவதையும் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் துழாவினேன். அழுகை வந்துவிட்டது.

"ஹஜ்ரத், எங்கே? எனக்கு மட்டும் தெரியவில்லையே?"

அருகில் நின்ற எங்கள் ஆசிரியர் குனிந்து என் தோளைப் பற்றினார்கள். "வானத்தைப் பார்க்காதே, தம்பி. எதிர்க்கரையில் மூன்று பனை சேர்ந்து நிற்கிறதே, நடுப்பனையைப் பார். பார்த்தாயா? அதன் கொண்டையிலிருந்து நேரே மேலே ஏறு. நான்கு விரல் அளவு ஏறியதும் நில்."

ஏறினேன், நின்றேன். வெட்டிய நகத்துண்டு போல அங்கே இருந்தது பிறை. அதன் பிறகு அதைக் காணாதிருக்க என்னால் இயலவில்லை. வேறெங்கு நோக்கினாலும் கண் தானாகவே அங்குத் திரும்பியது.

அதே வானம்; அதே கண். முதலில் காணாததும் பின்னர் கண்டதும் எப்படி? அன்று எழுந்த இவ்வினாவுக்கு விடையைத் தேடிச் சென்றபோது, அதன் வேர் நாம் ஓதும் அரபு மொழியிலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஊன்றப்பட்டிருக்கக் கண்டேன். அந்த வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். பிறையைக் கணக்கால் அறிவதா காட்சியால் அறிவதா என்னும் வழக்கு இக்கட்டுரையின் பொருளன்று. கண் எவ்வாறு தேடுகிறது என்பதே பொருள்.

பஸராவில் ஒரு மாலை

இப்னு கல்லிகான் தம் வரலாற்று நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். பஸரா நகரில் மக்கள் கூடி ரமலான் பிறை தேடினர். அவர்களுள் நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களும் இருந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது நூறை நெருங்கியிருந்தது. "இதோ பிறையைக் காண்கிறேன்" என்று அவர்கள் சுட்டிக் காட்டினார்கள். மற்றவர் எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நபித்தோழரின் சொல்லை மறுக்க யாருக்கு மனம் வரும்? பின்னாளில் அந்நகரின் காழியாகிக் கூர்மதிக்குப் பெயர் பெற்ற இயாஸ் இப்னு முஆவியா அங்கிருந்தார். அவர் வானத்தை விட்டுவிட்டு அனஸ் (ரலி) அவர்களின் முகத்தை உற்று நோக்கினார். புருவத்தின் வெண்மயிர் ஒன்று வளைந்து கண்ணெதிரே தொங்குவதைக் கண்டார். அதை மெல்ல நீவி ஒதுக்கிவிட்டு, இப்போது பிறை எங்கே என்று பணிவுடன் வினவினார். பெரியவர் பார்த்துவிட்டு, இப்போது காணவில்லை என்றார்கள்.

காட்சி என்பது வானத்தில் மட்டும் நிகழ்வதன்று, காண்பவரிடத்திலும் நிகழ்கிறது என்பதை அந்த இளைஞர் உணர்ந்திருந்தார். அதே பஸராவில் ஹிஜ்ரி 354இல், அதாவது கி.பி. 965இல், பிறந்தவர் அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம். இயாஸுக்குக் குறிப்பாகத் தோன்றியதை இவர் ஒரு தனி இயலாகவே வளர்த்தார்.

நைல் ஆறும் வீராணமும்

இப்னுல் ஹைதத்தின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வீராணம் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், காவிரி நீரைத் தேக்க எழுந்தது இந்த ஏரி. அந்நூற்றாண்டு முடிந்து அடுத்தது பிறந்த காலத்தில் இப்னுல் ஹைதம், நைல் ஆற்றின் வெள்ளத்தை அணையிட்டு முறைப்படுத்தலாம் என்று சொன்னார். அச்செய்தி மிஸ்ரின் பாத்திமிய மன்னர் ஹாகிமின் செவிக்கு எட்டியது. மன்னர் அவரை வரவழைத்துத் தென்னெல்லையான அஸ்வானுக்கு அனுப்பினார். அங்குச் சென்று ஆற்றைக் கண்ணால் கண்ட பின், தம் திட்டம் நிறைவேறாது என்பதை அவர் உணர்ந்தார். மன்னரோ சினத்துக்குப் பெயர் போனவர். எனவே இப்னுல் ஹைதம் பித்துப் பிடித்தவர் போல் நடித்து வீட்டுக் காவலில் அடைபட்டுக் கிடந்தார் என்றும், ஹிஜ்ரி 411இல் (கி.பி. 1021) ஹாகிம் மறைந்த பின்னரே வெளியே வந்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பின்பு அல்அஸ்ஹர் பள்ளியின் அருகே தங்கி, யூக்ளிடின் நூலையும் தாலமியின் வானநூலையும் படியெடுத்து விற்று, ஆண்டுக்கு 150 தீனாரில் வாழ்ந்தார் என்பர். இங்கே ராஜராஜனும் ராஜேந்திரனும் ஆண்ட காலம் அது.

அந்நாட்களில் அவர் இயற்றிய நூலே 'கிதாபுல் மனாழிர்'. காட்சிகளைப் பற்றிய நூல் என்பது பொருள். ஏழு மகாலாக்களைக் கொண்டது.

அம்பும் அதன் முனையும்

அவருக்கு முன்னிருந்த கிரேக்கப் பேரறிஞர்களான யூக்ளிடும் தாலமியும், கண்ணிலிருந்தே கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாக எண்ணினர். இப்னுல் ஹைதம் இதை ஏற்கவில்லை. பேரொளியை நோக்கினால் கண் வலிக்கிறதே, கதிர் நம்மிடமிருந்து போவதானால் வலிப்பானேன் என்று கேட்டார். ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று நிறுவினார். இதுவரை பலரும் அறிந்ததே. ஆனால் அதற்குப் பின் அவர் எழுப்பிய வினாவே நமக்கு வேண்டியது. எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒளி கண்ணுக்குள் வந்துகொண்டே இருக்கிறதென்றால், எல்லாம் ஒரே தெளிவுடன் தெரியவேண்டுமன்றோ? ஏன் தெரிவதில்லை?

அவர் சொன்ன விடை இது. கண்ணின் முன் விரிந்து கிடக்கும் காட்சி ஒரு கூம்பு போன்றது. அக்கூம்பின் நடு அச்சுக்கு அவர் இட்ட பெயர் 'ஸஹ்ம்', அதாவது அம்பு. அந்த அம்பு தைக்கும் இடத்தில் உள்ளதே மிகத் தெளிவாகத் தெரியும். அதிலிருந்து விலக விலகத் தெளிவு குறைந்துகொண்டே போகும். இதை அவர் வெறும் வாதமாக விடவில்லை, சோதித்துக் காட்டினார். முகத்தின் முன் ஒரு பலகையை வைத்து, எழுத்துப் பொறித்த சிறு துண்டொன்றை அதன் நடுவில் நாட்டி, பார்வையை அதன்மேல் நிறுத்தச் சொல்கிறார். எழுத்துத் தெளிவாக இருக்கும். பார்வையை அங்கேயே நிறுத்திக்கொண்டு மற்றொரு துண்டைச் சிறுகச் சிறுக ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். நகர நகர எழுத்துக் கலங்கும். பிறகு அங்கே ஏதோ எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. இந்தச் சோதனையை வாசகர் எவரும் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இதிலிருந்து அவர் இருவகைக் காட்சிகளைப் பிரித்தார். ஒன்று 'பதீஹா', எடுத்த எடுப்பில் மேலோட்டமாகக் காண்பது. மற்றொன்று 'தஅம்முல்', கண்ணை நகர்த்தி, அம்பின் முனையைப் பொருளின் ஒவ்வொரு பகுதிக்கும் கொண்டுபோய், மனத்தால் ஆராய்ந்து காண்பது. ஒரு பொருளின் உண்மை உருவம் தஅம்முலால்தான் கிட்டும் என்றார். முன்பே பழகியதைக் கண் அடையாளங்களைக் கொண்டு விரைவில் அறிந்துகொள்ளும் என்பதையும் சேர்த்தார். எழுத்தறிந்தவன் 'அப்ஜத்' என்ற சொல்லைக் கண்டதும் அறிந்துவிடுகிறான். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பதில்லை. குர்ஆன் ஓதப் பழகும் குழந்தையையும் ஹாபிழையும் அருகருகே அமர்த்திப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

அவர் கூறிய எல்லாமே நிலைபெற்றுவிடவில்லை. பார்வை கண்ணின் முன்பகுதியிலுள்ள வில்லையில் உணரப்படுகிறது என்று அவர் கருதினார். உருவம் விழுவது பின்புறமுள்ள விழித்திரையில் என்பதை 1604இல் கெப்ளர் எழுதினார். ஆயினும் நடுவே தெளிவு, ஓரத்தே மங்கல், ஆகவே கண் நகர்ந்தே ஆகவேண்டும் என்ற மூன்று முடிவுகளும் இன்றுவரை அசையவில்லை.

நூலின் பயணம்

கி.பி. 1200ஐ ஒட்டி இந்நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டது. ரோஜர் பேக்கன் முதலியோர் அதைப் பயின்றனர். 1572இல் பாஸல் நகரில் ரிஸ்னர் என்பவர் அதை அச்சிட்டார். கெப்ளர் கையில் இருந்தது அந்த மரபே. கீழை நாடுகளில் கமாலுத்தீன் பாரிஸீ ஏறக்குறைய 1300இல் 'தன்கீஹுல் மனாழிர்' என்ற விரிவுரை எழுதினார். அதன் பின் நம்மிடையே நெடிய மௌனம். லத்தீன் வடிவம் அச்சேறி நானூறு ஆண்டுகள் கழித்தே, 1983இல், மூல அரபியின் முதல் மூன்று மகாலாக்கள் குவைத்தில் ஸப்ரா என்னும் அறிஞரின் பதிப்பாக வெளிவந்தன.

ஆனால் நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. பாரிஸீயின் விரிவுரையை 1928 முதல் 1930க்குள் இரண்டு பாகங்களாக அச்சிட்டது ஹைதராபாதின் தாயிரத்துல் மஆரிஃப். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதரஸா நூலகத்தின் மேல்தட்டில் அந்த இரு பாகங்களையும் நான் கண்டெடுத்தேன். தாள்களின் மடிப்புகள் வெட்டப்படாமலே இருந்தன. அச்சேறிய நாள்முதல் ஒருவரும் அதைத் திறந்ததில்லை என்பது அதன் பொருள். பேனாக் கத்தியால் மடிப்புகளை வெட்டிக்கொண்டே படித்தேன். நஹ்வும் ஸர்ஃபும் கற்றுத் தேர்ந்த எத்தனை பேர் அந்தத் தட்டைக் கடந்து போயிருப்பார்கள்! நானும் ஆறு ஆண்டுகள் கடந்து போனவனே. புத்தகம் கண்ணெதிரே இருந்தது, தஅம்முல்தான் இல்லை.

கண் தாவுகிறது

விட்ட இடத்திலிருந்து ஐரோப்பியர் தொடர்ந்தனர். 1878-79இல் பாரிஸில் எமீல் ஜவால் என்ற கண் மருத்துவர், படிக்கும்போது கண் வரியின்மீது நீரோட்டம் போல வழுக்கிச் செல்வதில்லை, துள்ளித் துள்ளிச் செல்கிறது என்ற செய்தியை வெளியிட்டார். அதே காலத்தில் ஜெர்மானியரான ஹெரிங் கண் தசைகளின் மெல்லொலியைக் குழாய் வைத்துக் கேட்டு இதையே கண்டறிந்தார். குதிரையின் கடிவாளத்தைச் சுண்டுவதைக் குறிக்கும் 'சக்காட்' என்ற பிரெஞ்சுச் சொல் இத்துள்ளலுக்குப் பெயராயிற்று. நாம் 'தாவல்' என்போம்.

விழித்திருக்கும் மனிதனின் கண் நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை தாவுகிறது. நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு தாவலும் நொடியில் நூற்றில் சில பங்குதான். இரு தாவல்களுக்கு இடையே நொடியில் கால் பங்கு அளவு நின்று பார்க்கிறது. தாவும்போது அது ஏறத்தாழ ஒன்றும் காண்பதில்லை. ஐயமிருந்தால் கண்ணாடி முன் நின்று, உங்கள் இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாறி மாறி நோக்குங்கள். கண் அசைவதை நீங்கள் ஒருபோதும் காண மாட்டீர்கள். பக்கத்தில் நிற்பவர் காண்பார்.

ஏன் இத்தனை தாவல்? கையை முழுதும் நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். மிகக் கூர்மையாகக் காணும் பரப்பு அந்த நகத்தின் அளவே. 1935இல் டென்மார்க்கின் ஆஸ்டர்பெர்க் விழித்திரையின் உணர்வணுக்களை எண்ணினார். நிறமும் நுட்பமும் காணும் கூம்பணுக்கள் 60 லட்சத்துக்கு மேல்; மங்கிய ஒளியில் உதவும் கோலணுக்கள் 11 கோடி அளவு. கூம்பணுக்கள் நடுக்குழியில் நெருங்கிக் குவிந்துள்ளன. அக்குழியின் மையத்தில் கோலணுக்கள் அறவே இல்லை.

இதனால் ஒரு விந்தை விளைகிறது. இருட்டில் மங்கிய விண்மீனை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். சற்றே ஒதுங்கிப் பார்த்தால் தோன்றும். ஸப்தரிஷி மண்டலத்தின் வால் நடுவில் பெரிய மீனையொட்டி ஒரு சிறு மீன் உண்டு. அரபுகள் அதை 'ஸுஹா' என்றழைத்து, கண்ணின் கூர்மையைச் சோதிக்கப் பயன்படுத்தினர். தமிழர் அதையே வடமீன் என்றும் அருந்ததி என்றும் போற்றினர். வடமொழியாளர் அதைக் காட்டும் முறைக்கே ஒரு நியாயத்தின் பெயரிட்டனர்: முதலில் பக்கத்திலுள்ள பெரிய மீனைக் காட்டு, கண் அங்கே நிலைத்த பின் சிறியதைக் காட்டு. வீராணக் கரையில் எங்கள் ஆசிரியர் நடுப்பனையைக் காட்டியது இந்த நியாயமே அன்றோ!

ஓரப்பார்வை என்னும் வழிகாட்டி

அப்படியானால் நகமளவுக்கு வெளியே உள்ள மங்கல் பார்வை வீணா? வீணன்று. அதுவே வழிகாட்டி. அடுத்துக் கண் எங்கே தாவவேண்டும் என்பதைச் சொல்வது அது. நடுப்பார்வை சாட்சி போன்றது. ஓரப்பார்வை சாட்சியை அழைத்து வரும் ஊழியன் போன்றது.

ஜும்ஆவில் நூறு வெள்ளைத் தொப்பிகளுக்கிடையே ஒரு சிவப்புத் துருக்கித் தொப்பி இருந்தால் நீங்கள் தேடவே வேண்டியதில்லை. ஓரப்பார்வையே கையைப் பிடித்து இழுத்துப் போகும். தொழுகை முடிந்து வாசலில் உங்கள் செருப்பைத் தேடும்போது அப்படியன்று. அதே நிறம் பலவற்றுக்கு உண்டு. அதே வடிவும் பலவற்றுக்கு உண்டு. அந்த நிறமும் அந்த வடிவும் ஒருங்கே அமைந்த ஒன்றை ஒவ்வொன்றாகத்தான் பார்த்துச் செல்லவேண்டும். இவ்விரு தேடல்களின் வேற்றுமையை 1980இல் ஆன் ட்ரீஸ்மன் என்ற அம்மையார் தம் துணை ஆய்வாளருடன் விளக்கினார்.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1970இல், ஹாலந்தின் பௌமா மற்றொன்று கண்டார். ஓரத்தில் ஓர் எழுத்துத் தனித்து நின்றால் அடையாளம் தெரியும். இருபுறமும் எழுத்துகள் நெருங்கி நின்றால் தெரியாது. அரபு எழுத்தில் பாவும் தாவும் ஸாவும் புள்ளியின் இடத்தாலும் எண்ணிக்கையாலும் மட்டுமே வேறுபடுகின்றன. சொல்லின் நடுவே நெருங்கி நிற்கும் அப்புள்ளிகளை ஓரப்பார்வை எண்ணாது. கண் நேரே சென்றாக வேண்டும். ஓதும் குழந்தை தடுமாறும் இடத்தில் அதட்டும் ஆசிரியர் இதை அறிந்திருப்பது நன்று.

2005இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நஜெம்னிக், கைஸ்லர் இருவரும் இன்னும் ஒரு படி ஏறினர். புள்ளிகள் இரைந்த திரையில் மறைந்த ஒரு சிறு குறியைத் தேடச் செய்து மனிதக் கண்ணின் தாவல்களைப் பதிந்தனர். குறையே இல்லாத தேடுவோன் ஒருவன் எப்படித் தேடுவான் என்பதைக் கணிதத்தால் வகுத்து அதனுடன் ஒப்பிட்டனர். மனிதக் கண் அவனுக்கு வெகு அருகில் நின்றது. தன் ஓரப்பார்வை எங்கெங்கே எவ்வளவு வலியது, எவ்வளவு எளியது என்பதை அறிந்தது போலவே, எங்கு நின்றால் மிகுதியாக அறியலாமோ அங்குத் தாவியது. நமக்கே தெரியாமல் நம் கண் செய்யும் இத்தஅம்முலை நினைக்கும்போது, பார்வையை மீண்டும் மீண்டும் திருப்பச் சொல்லும் முல்க் அத்தியாயம் நினைவில் எழுகிறது.

மீண்டும் ஏரிக்கரை

இனி என் சிறுவயது வினாவுக்கு விடை எளிது. அந்தி வானம் இன்னும் ஒளியுடன் இருக்கையில், நூல் போன்ற பிறை பின்புலத்தினின்று சிறிதே வேறுபட்டிருக்கும். அத்தகைய மெல்லிய கோடு ஓரப்பார்வைக்குப் பிடிபடாது. அம்பின் முனை அதன்மீதோ அதற்கு மிக அருகிலோ விழுந்தால்தான் தெரியும். நானோ நிறுத்தாமல் வானத்தைத் துழாவினேன். அவ்வளவும் தாவல், நிலைத்து நின்று நோக்கியது கொஞ்சம்.

இன்னொன்றும் உண்டு. 1950களில் விமானிகளை ஆராய்ந்தோர், வெறும் வானத்தை நோக்கும் கண் பற்றிக்கொள்ள ஏதுமின்றி, தொலைவில் குவியாமல் சில முழத்துக்குள்ளேயே குவிந்து நின்றுவிடுகிறது என்று கண்டனர். "வானத்தைப் பார்க்காதே, பனையைப் பார்" என்ற ஒரு சொல்லால் எங்கள் ஹஜ்ரத் கண்ணுக்குத் தொலைவையும் தந்தார்கள், திசையையும் தந்தார்கள், நிற்க ஓரிடத்தையும் தந்தார்கள்.

நம் முன்னோரான வானநூலார் செய்ததும் அதுவே. 9ஆம் நூற்றாண்டில் குவாரிஸ்மி பிறை தென்படும் நிலைமைகளுக்கு அட்டவணை வகுத்தார். பத்தானீயும் பீரூனியும் அதை ஆராய்ந்தனர். 1930களில் பிரெஞ்சு வானியலார் டாஞ்சோன், கதிரவனுக்கு ஏறக்குறைய 7 பாகைக்குள் நிலா இருந்தால் பிறையே தோன்றாது என்றார்.

எங்கே, எப்போது தேடுவது என்று அறிந்தவனின் கண்ணே தேடும் கண். ஆனால் எதிர்பார்ப்பு மிகுந்தாலும் தவறு நேரும். அமெரிக்காவில் பலரைக் கூட்டிப் பிறை பார்க்கச் செய்த டாகெட், ஷேஃபர் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், காண முடியாத நிலையிலும் 100க்கு 15 பேர் அளவில் கண்டதாகச் சொன்னார்கள் என்று எழுதினர். அவர்கள் பொய்யர் அல்லர். இயாஸ் அன்று புருவத்தை நோக்கியதும், பிறை கண்டதாக வருபவரிடம் எந்தத் திசை, எவ்வளவு உயரம், கொம்புகள் எப்பக்கம் என்று காழிகள் கேட்பதும் எத்துணை அறிவுடைமை என்பது இதனால் விளங்கும்.

பெரியவாப்பாவின் கண்

இவ்வளவும் நூலறிவு. இதை எனக்கு நெஞ்சில் தைத்தவர் பரங்கிப்பேட்டையில் வாழ்ந்த என் பெரியவாப்பா.

மஹ்மூது பந்தர் என்று நம்மவர் அழைத்த அப்பழந்துறையில் பாய்க்கப்பல் காலத்துக் கடைசித் தலைமுறையினர் அவர். 'மாலுமி' என்ற தமிழ்ச்சொல்லே 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் திரிபு என்பர். ஆசிரியனும் கடலோடியும் ஒரே பெயரினர் என்று அவர் என்னைச் சீண்டுவதுண்டு. தெருவில் முதலில் பிறை காண்பவர் எப்போதும் அவரே. மாடியில் ஏறி நின்று, "அந்தத் தென்னை ஓலைக்கு இடப்பக்கம் பாருங்க பிள்ளைகளா" என்பார்.

எழுபதைக் கடந்த பின் அவரிடம் ஒரு மாறுதல். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். பாயில் வைத்த தேநீர்க் குவளையைத் தட்டிவிடுவார். பக்கத்தில் வந்து நிற்பவரைக் கவனிக்க மாட்டார். ஆனால் முஸ்ஹபின் பொடி எழுத்தைக் கண்ணாடியுடன் தடையின்றி ஓதுவார். அதனால் வீட்டில் யாருக்கும் கண்ணைப் பற்றி ஐயம் எழவில்லை. "பார்த்து வாங்களேன்" என்று பெரியம்மா சலித்துக்கொள்வார். நாங்களும் முதுமையின் கவனக்குறைவு என்றே எண்ணினோம்.

ஒரு ரமலான் பிறையன்று சிறுவர்கள் கண்டு கூவியபோது அவருக்குத் தெரியவில்லை. நான் அவர் தலையைப் பிடித்துச் சரியான இடத்துக்குத் திருப்பினேன். "ஆமாம், இருக்கு" என்றார். கண்ணை எடுத்ததும் மீண்டும் தொலைத்துவிட்டார். மறுபடி அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "எங்கே வைத்தேன் அதை?" என்று கேட்டார், ஏதோ சாவியைத் தேடுவது போல. அடுத்த வாரம் பள்ளிவாசல் ஹவுளின் படியில் தவறி விழுந்தார்.

கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கண்நீர் அழுத்த நோய் என்றார். கண்ணின் நரம்பு கரைந்து ஓரப்பார்வை முழுதும் போயிருந்தது. நடுவில் ஒரு குழாய் அளவே எஞ்சியிருந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காக்கலாம் என்றார். "எப்போதாவது கறுப்பாகத் தெரிந்ததா?" என்று கேட்டதற்குப் பெரியவாப்பா இல்லை என்றார்.

அவர் சொன்னது உண்மை. நம் ஒவ்வொரு கண்ணிலும் நரம்பு புறப்படும் இடத்தில் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. 1660களில் பிரெஞ்சுப் பாதிரியார் மரியோட் அதைக் கண்டறிந்தார். அங்கே நாம் ஓட்டை எதையும் காண்பதில்லை. சுற்றியுள்ளதைக் கொண்டு மூளை அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன் 1991இல் ரிச்சர்ட் கிரிகரியுடன் சேர்ந்து, ஓரப்பார்வையில் செயற்கையாக உண்டாக்கிய வெற்றிடத்தையும் மூளை சில நொடிகளில் சுற்றுப்புறத்தால் நிரப்பிவிடுவதைக் காட்டினார். ஆகவே ஓரப்பார்வையை இழப்பவர் இருளைக் காண்பதில்லை. இழந்தோம் என்பதையே அறிவதில்லை. தமிழ்நாட்டின் தென்மாவட்டச் சிற்றூர்களில் அரவிந்த் கண் மருத்துவமனையார் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயின் பெருவகையால் தாக்குண்டவர்களுள் 10க்கு 9 பேருக்கு மேல் அதுவரை தமக்கு நோய் இருப்பதை அறியாதிருந்தனர்.

கண் தாவுவதை உலகுக்குச் சொன்ன ஜவாலின் முடிவும் இதுவே. அவரும் இதே நோயால் பார்வையிழந்தார். 1900ஐ ஒட்டி முற்றும் குருடரானார். அதன் பிறகும் தளராமல், பார்வையிழந்தோர் எவ்வாறு வாழலாம் என்று 1903இல் ஒரு நூல் எழுதி வெளியிட்டு, 1907இல் மறைந்தார்.

பெரியவாப்பாவுக்குக் கடைசிவரை நடுப்பார்வை இருந்தது. சாட்சி இருந்தார், அழைத்து வரும் ஊழியன்தான் இல்லை. ஆகவே காண முடிந்தது, தேட முடியவில்லை. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு பிறைக்கும் என் மகன் அவர் பின்னால் நின்று, இரு கைகளாலும் அவர் தலையைப் பிடித்துத் திருப்புவான். "இங்கேயா?" "இன்னும் கொஞ்சம் மேலே, அப்பா." "ம், வந்துட்டுது" என்பார்.

வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். வீட்டில் நாற்பதைக் கடந்தவர்களைக் கண்ணாடிக்காக மட்டுமன்றி, கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கவும் ஆண்டுக்கொரு முறை அழைத்துச் செல்லுங்கள். பெரியவர் ஒருவர் நன்றாகப் படிக்கிறார், ஆனால் இடித்துக்கொள்கிறார் என்றால், சலித்துக்கொள்ளாமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் இரண்டாண்டுகள் பிந்தினோம்.

மற்றொன்று அரபு கற்ற என் போன்றோருக்கு. நான் ஓதிய கல்லூரியின் பெயர் மன்பவுல் அன்வார். ஒளிகளின் ஊற்று என்பது பொருள். ஒளியைப் பற்றி நம் மொழியில் எழுந்த பெருநூல் நம் தட்டுகளிலேயே மடிப்பு வெட்டப்படாமல் இருக்கலாகாது. அடுத்த ஷஅபான் 29இல் வீராணக் கரையிலோ கடலூர் மாடியிலோ ஒரு சிறுவன் "எங்கே, எனக்குத் தெரியவில்லையே" என்று அழுதால், அவனை அதட்ட வேண்டாம். முதலில் ஒரு பனையைக் காட்டுங்கள்.